அப்பாவின் மாத்திரைப் பையை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள்

பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சாரத்தை மட்டும் தருகிறேன். அப்பாவுக்கு 67 வயது, ஆம்பூர்க்காரர், முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, மூன்று வருடத்துக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தேதி குறித்தாயிற்று. ரத்தப் பரிசோதனைக்குப் போன அன்று ஒரு இளம்பெண் வந்து, "நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட், அப்பா சாப்பிடுகிற எல்லா மருந்தையும் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கிறார். அப்பா பையை மடியிலேயே வைத்துக்கொண்டு "எல்லாம் டாக்டர்கிட்ட சொல்லியாச்சும்மா" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் மகளிடம், "இவங்க கடையிலேயே எல்லாத்தையும் வாங்க வைக்கத்தான் அந்தப் பொண்ணு வந்துச்சு" என்றாராம். சகோதரி கேட்பது மூன்று. ஆபரேஷனில் பார்மசிஸ்டுக்கு என்ன வேலை? மருந்தை வெளியே வாங்கினால் பாதி விலை என்கிறார் மாமா, வாங்கலாமா? இதையெல்லாம் கேட்டால் சர்ஜன் கோபித்துக்கொள்வாரா?

அப்பாவின் சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். பார்மசிஸ்ட் என்றால் கவுண்டருக்குப் பின்னால் நின்று அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பவர் என்றுதான் நம் ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கவுண்டரில் நிற்பவர் வேறு, அப்பாவிடம் வந்த பெண்ணின் வேலை வேறு. 2008லிருந்து இந்தியாவில் பார்ம்.டி. என்று ஆறு வருடப் படிப்பு இருக்கிறது, கடைசி வருடம் முழுக்க வார்டிலேயே இருக்க வேண்டும். அதற்கு முன்பே தொண்ணூறுகளில் மைசூரிலும் ஊட்டியிலும் இதற்கென்று முதுகலைப் படிப்பு ஆரம்பித்துவிட்டார்கள். பெங்களூரில் பார்மசி கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, அதனால் இங்கே பெரிய ஆஸ்பத்திரிகளில் கிளினிக்கல் பார்மசிஸ்டைப் பார்ப்பது சுலபம். நானும் இதே ஊரில் வேறொரு ஆஸ்பத்திரியில் அந்த வேலையைத்தான் செய்கிறேன். எழுதிய மருந்து சரியா, அளவு சரியா, ஒன்றோடொன்று மோதுமா, தேவையில்லாத ஒன்று உள்ளே புகுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் சம்பளம் வாங்கும் வேலை. நாங்கள் நேரம் எடுத்துச் செய்தால் சில சமயம் ஆஸ்பத்திரிக் கடையின் பில் குறையத்தான் செய்யும், நிர்வாகத்தில் எல்லாருக்கும் அது பிடிக்கும் என்று சொல்ல முடியாது, அது வேறு கதை.

சரி, அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பட்டியலை வைத்தே சொல்கிறேன்.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்த கேப்ஸ்யூல். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுப்பது. இதை நிறுத்தாமல் போனால் ஆபரேஷனில் ரத்தப்போக்கு அதிகமாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம், மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் முதுகில்தான் மயக்க ஊசி போடுவார்கள், குளோபிடோக்ரெல் உடம்பில் இருக்கும்போது முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தின் பக்கத்தில் ரத்தம் கட்டி கால் செயலிழக்கும் அபாயம் உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் பல நேரம் திரும்பாது. அதனால் குளோபிடோக்ரெலை ஐந்திலிருந்து ஏழு நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரினை ஸ்டென்ட் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தொடரவே சொல்வார்கள். இங்கேதான் சிக்கல், அப்பாவுடையது இரண்டும் ஒரே கேப்ஸ்யூலில் இருக்கிறது. "ரத்தம் இளக்குற மாத்திரையை நிறுத்துங்க" என்று யாராவது போகிற போக்கில் சொன்னால் அப்பா இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடுவார். ஸ்டென்ட் உள்ள இதயத்துக்கு அது நல்லதல்ல. கேப்ஸ்யூலை நிறுத்தி அதற்குப் பதில் ஆஸ்பிரின் மட்டும் தனி மாத்திரையாக எழுதி வாங்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து என்பதை இதய டாக்டரும் மயக்க மருந்து கொடுக்கும் அனஸ்தீசியா டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், நீங்களோ நானோ அல்ல. அப்படியே இதய டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: மூன்று வருடம் ஆன பிறகும் இரண்டும் தேவையா? பலருக்கு ஒரு வருடத்துக்குப் பிறகு ஒன்றே போதும் என்று குறைப்பார்கள், ஆனால் பழைய சீட்டைக் காட்டிக் காட்டியே ஆம்பூர் மெடிக்கலில் வாங்கிக்கொண்டிருந்தால் அதை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது சர்க்கரை மாத்திரை. மெட்ஃபார்மினும் டாபாக்ளிஃப்ளோசினும் சேர்ந்தது. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான், ஆனால் இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இல் முடிந்தது, அதற்குப் பிறகு விலை சரிந்து தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, ஆளுக்கு ஆள் சாப்பிடுகிறார்கள். நல்ல மருந்து, சந்தேகமில்லை. ஆனால் பட்டினி கிடந்து ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு இது உடம்பில் இருந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறக்கூடும். வழக்கமாக அப்படி ஆகும்போது சர்க்கரை எகிறிக் காட்டிக்கொடுக்கும். இந்த மருந்தில் சர்க்கரை கிட்டத்தட்ட நார்மலாகவே இருக்கும், ஆள் வாந்தி எடுத்து மூச்சு வாங்குவார், மயக்க மருந்தின் பக்கவிளைவு என்று நினைத்து நேரம் போய்விடும். அதனால் ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும் என்பது விதி. மெட்ஃபார்மினை அன்றைக்குக் காலையில் மட்டும் விட்டால் போதும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருப்பதால் மூன்று நாளைக்குத் தனி மெட்ஃபார்மினோ வேறு ஏதாவதோ எழுத வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை ஏறி, "கன்ட்ரோலில் இல்லை, ஆபரேஷன் தள்ளி" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் அட்மிஷன் வீண், லீவு போட்டது வீண். "சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்" என்று மட்டும் டாக்டரிடம் சொன்னால் இது தெரியாது. அட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.

பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டனை ஆபரேஷனுக்கு முந்தின நாளே நிறுத்தச் சொல்லலாம், மயக்கத்தில் பிரஷர் ரொம்ப இறங்காமல் இருக்க. கொழுப்பு மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். இவை பெரிய விஷயமில்லை, சொன்னபடி கேட்டால் போதும்.

அப்புறம் அந்தப் பொடி. கடிதத்தில் கடைசி வரியில், ஏதோ நினைவுக்கு வந்ததுபோல எழுதியிருக்கிறீர்கள்: "வாணியம்பாடி பக்கம் ஒருத்தர்கிட்ட மூட்டுவலிக்குப் பொடி வாங்கிச் சாப்பிடுவார், இரண்டு வருஷமா, அது நாட்டு மருந்துதானே." லேபிள் இல்லாத பொட்டலம், சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிடும், நிறுத்தினால் வலி முன்பைவிட அதிகமாக வரும், முகம் கொஞ்சம் உப்பியிருக்கும். இப்படி இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று நாங்கள் சந்தேகப்படுவோம். மூட்டுவலிப் பொடிகளில் டெக்ஸாமெதசோனும் பிரெட்னிசலோனும் கலந்து விற்பது நம் நாட்டில் பலமுறை சோதனையில் பிடிபட்டிருக்கிறது. அந்தப் பொடியில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பார்க்காமல் சொல்லவும் முடியாது. ஆனால் இருந்தால், மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனவரின் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். ஆபரேஷன் அன்று திடீரென்று அதை நிறுத்தினால் பிரஷர் தரைமட்டத்துக்குப் போகும், காரணம் தெரியாமல் ஒரு அறை முழுக்க டாக்டர்கள் திணறுவார்கள். சர்க்கரை ஏறுவதும் காயம் ஆறாமல் இழுப்பதும் கூடவே வரும். பயந்துபோய் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், அந்தப் பொட்டலத்தையும் பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை.

அப்பா சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு மயங்கி விழுந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் சொல்ல வேண்டும், ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும். ஊசியைப் பார்த்ததுமே மயங்கினாரா, போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பு முழுக்கத் தடித்து மூச்சுத் திணறியதா, மறுநாள் வயிற்றுப்போக்கு போனதா? மூன்றும் வேறு வேறு. "பென்சிலின் அலர்ஜி" என்று கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறிவிட்டால், ஆபரேஷனுக்கு முன்பு போடும் சாதாரண, மலிவான ஆன்டிபயாடிக்கைத் தள்ளிவிட்டு வேறொன்றைத் தேடுவார்கள். அந்த மாற்று மருந்துக்கு விலை அதிகம், மெதுவாக ஏற்ற வேண்டும், காயத் தொற்றைத் தடுப்பதில் பல நேரம் கொஞ்சம் பின்தங்கியது. உண்மையான அலர்ஜி என்றால் வேறு வழியில்லை. ஊசி பயத்தில் மயங்கியதற்கு அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். இந்த விசாரணையைப் பொறுமையாக உட்கார்ந்து செய்வது யார் என்றால், அப்பா திருப்பி அனுப்பினாரே, அந்தப் பெண்தான்.

ஆன்டிபயாடிக் பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் காசும் பாதுகாப்பும் ஒரே இடத்தில் சேர்வது இங்கேதான். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு உலகில் பல இடங்களில் முதல் தேர்வு செஃபசோலின் என்கிற பழைய மருந்து. பெரியவர்களுக்கு 2 கிராம், 120 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவர்களுக்கு 3 கிராம். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றியிருக்க வேண்டும், தொடையில் ரத்தம் வராமல் பட்டை இறுக்குவதற்கு முன்பே முழு டோஸும் உள்ளே போயிருக்க வேண்டும், பட்டை இறுக்கிய பிறகு மருந்து முழங்காலுக்குப் போய்ச் சேராது. ஆபரேஷன் நான்கு மணி நேரம் தாண்டினால் இன்னொரு டோஸ். அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்புக்காக ஆன்டிபயாடிக்கைத் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016லேயே சொல்லிவிட்டது. பல எலும்பு டாக்டர்கள் மூட்டு ஆபரேஷன்களில் 24 மணி நேரம் வரை கொடுப்பார்கள், அது புரிந்துகொள்ளக்கூடியது.

நம் ஊரில் நடப்பதோ ஐந்து நாள் ஊசி, அதுவும் செஃபசோலின் இல்லை, செஃபோபெரசோன் சல்பாக்டம் போல கனமான ஒன்று, வீட்டுக்குப் போகும்போது கையில் இன்னும் ஐந்து நாளைக்கு மாத்திரை. எதற்கு என்று கேட்டால் "சேஃப்டிக்கு". அந்த சேஃப்டிக்கு ஆதாரம் இல்லை, வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் மிச்சம். பத்து நாள் ஆன்டிபயாடிக் ஒரே நாளாகும்போது மருந்து பில்லில் எவ்வளவு குறையும் என்று யோசியுங்கள். மருந்தோடு சேர்த்து ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சிரிஞ்ச், ஒரு சலைன் பாட்டில், இரண்டு ஜோடி கையுறை, இடையிடையே ஊசி ஏற்றும் கானுலா என்று எல்லாவற்றுக்கும் பில் ஓடும், இவற்றில் கையுறை மாதிரி சிலதை இன்சூரன்ஸ் கம்பெனி தர மாட்டேன் என்று கையை விரிக்கும். வெளிக்கடையில் தள்ளுபடி விலைக்கு வாங்கினாலும் பத்து நாள் பத்து நாள்தான்.

மாமா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. அரசு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கிறது, 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துக்குக் கம்பெனி ஆரம்பத்தில் என்ன விலை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. ஆகவே ஒரே மருந்துக்கு ஒரு கம்பெனி அட்டையில் இவ்வளவு, இன்னொரு கம்பெனி அட்டையில் அதைப்போல மூன்று மடங்கு என்று இருக்கும். ஆஸ்பத்திரி குறைந்த விலைக்குக் கொள்முதல் செய்து அச்சடித்த விலைக்கே விற்கும், சட்டப்படி அது தப்பும் இல்லை. ஆஸ்பத்திரிக் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து ஒரு பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது, 2025 மார்ச்சில் நீதிமன்றம் தானாகக் கட்டாய உத்தரவு எதுவும் போடாமல், மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும் என்று சொல்லி முடித்துவிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டியலில் மருந்தை எங்கே வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் இருக்கிறது. ஆக, கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் கேட்பதற்கு முன்பு ஒன்றை யோசியுங்கள். வார்டில் அட்மிட்டான பிறகு, ராத்திரி 11 மணிக்கு நர்ஸ் ஒரு சீட்டை நீட்டினால் நீங்கள் ஆட்டோ பிடித்து எங்கே போவீர்கள்? குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டிய மருந்தை வெளியே வாங்கிக்கொண்டு பெங்களூர் டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் வந்தால் அது என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தால் ஏதாவது ஆனால் எந்தப் பேட்ச், யார் சப்ளை என்று பிடிக்கவும் வழியிருக்காது. தியேட்டரில் பயன்படும் மருந்துகளை பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் வெளியிலிருந்து ஏற்பதில்லை, அதில் நான் அவர்கள் பக்கம்தான். கேஷ்லெஸ் இன்சூரன்ஸ் இருந்தால் வெளியே வாங்கியதைத் தனியாகக் கட்டி, சீட்டும் ஒரிஜினல் பில்லும் வைத்து, பிறகு அலைந்து வாங்க வேண்டியிருக்கும். ஆகவே அட்மிஷனில் இருக்கும் அந்த நாலு நாளில் வெளிக்கடைக்கு ஓடுவதைவிட, சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்பதில்தான் மிச்சம் அதிகம். அப்படியும் விலை உயர்ந்த ஏதாவது ஒன்று, உதாரணமாக ரத்தத்தில் இருக்கும் புரதமான ஆல்புமின் பாட்டில், வெளியே வாங்கி வரச் சொன்னால், பில்லோடு நல்ல கடையில் வாங்குங்கள், அதற்கு முன்பு "இது எதற்கு எழுதியிருக்கிறார்கள்" என்று பார்மசிஸ்டை ஒரு வார்த்தை கேளுங்கள். ஆல்புமின் தேவைப்படும் நோய்கள் இருக்கின்றன. சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை என்பதற்காக ஏற்றுவது அதில் சேராது.

சீட்டில் நாங்கள் முதலில் தேடுவது, வாயால் சாப்பிடக்கூடியவருக்கு ஏன் இன்னும் ஊசி போகிறது என்பதை. பாராசிட்டமால் மாத்திரை ஒன்று இரண்டு ரூபாய்ச் சுற்றில் கிடைக்கும், அதே பாராசிட்டமால் ஒரு கிராம் பாட்டிலாக ஏற்றினால் நூறுகளில் போகும், இட்லி சாப்பிடத் தொடங்கிய ஆளுக்கு இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஊசியும் அப்படியே. ஆபரேஷன் அன்று ஊசியில் ஆரம்பித்தது, மாற்றி எழுத யாருக்கும் ஞாபகம் வராமல் டிஸ்சார்ஜ் வரை ஓடும். ரவுண்ட்ஸில் நாங்கள் "சார், ஓரலுக்கு மாற்றலாமா" என்று கேட்டால் பத்தில் ஒன்பது சர்ஜன்கள் உடனே மாற்றிவிடுவார்கள், அவர்களுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை, நேரம்தான் இல்லை. எல்லாச் செலவையும் வெட்டுவதும் வேலையில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டிரானெக்ஸாமிக் ஆசிட் என்று ஒரு மருந்து, விலை அதிகமில்லை, மூட்டு ஆபரேஷனில் ரத்தப்போக்கைக் குறைத்து ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையையே பலருக்கு இல்லாமல் செய்துவிடும். ஸ்டென்ட் இருப்பவருக்கு அதைக் கொடுப்பதா, எப்படிக் கொடுப்பது என்று அனஸ்தீசியா டாக்டர் யோசிப்பார். அந்த யோசனைக்கும் பையில் இருக்கும் விவரம் வேண்டும்.

வலி மாத்திரையில் வேறொரு விதமான தப்பு நடக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் பாராசிட்டமால் 650 மூன்று வேளை, அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது இரண்டு வேளை, டிராமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்தது இரண்டு வேளை என்று மூன்று பெயரில் இருக்கும். பார்த்தால் மூன்று மருந்து. கூட்டினால் 1950, 650, 650, ஆக ஒரு நாளைக்கு 3250 மில்லிகிராம் பாராசிட்டமால். இதற்கு மேல் லேசாகக் காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று அப்பா வீட்டில் இருக்கும் 650ஐ இரண்டு தரம் போட்டுக்கொண்டால் 4550. நாலு கிராம் என்பது நல்ல ஆரோக்கியமானவருக்கே உச்ச வரம்பு. அசெக்ளோஃபெனாக் தனிக் கவலை: டெல்மிசார்டன் சாப்பிடுகிற, சர்க்கரை இருக்கிற, ஆபரேஷனில் தண்ணீர்ச்சத்து குறைந்த ஒருவருக்கு அந்த வகை வலி மாத்திரை கிட்னியைப் பதம் பார்க்கும். கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, வேண்டாம் என்றோ மூன்று நாள் மட்டும் என்றோ முடிவு செய்ய வேண்டும்.

ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் ஊசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் மாற்றிய பிறகு காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்மையானது, அதனால் எனாக்ஸாபரின் ஊசியோ மாத்திரையோ குறைந்தது பத்து பதினாலு நாள் கொடுப்பார்கள், சிலருக்கு 35 நாள் வரை போகும். வழக்கமான அளவு தினமும் 40 மில்லிகிராம், கிட்னி பலவீனமாக இருந்தால் குறைக்க வேண்டும். அப்பா விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஊசி ஓடும்போது பழைய கேப்ஸ்யூலை என்றைக்குத் திரும்ப ஆரம்பிப்பது என்பது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், எனாக்ஸாபரின் மூன்றும் ஒரே சமயத்தில் ஓடினால் புண்ணிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ரத்தம் வரும். எலும்பு டாக்டர் தன் ஊசியை எழுதுவார், "பழைய மருந்துகளைத் தொடரவும்" என்று கீழே ஒரு வரி எழுதுவார், இரண்டும் தனித்தனியாகச் சரி, சேர்த்தால் ஆபத்து. தேதியைப் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். ஊசியை நீங்களே வீட்டில் போடப்போகிறீர்கள் என்றால் டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே பார்மசிஸ்ட் முன்னால் ஒரு தரம் போட்டுப் பழகிவிடுங்கள், வயிற்றின் ஓரத்தில், சிரிஞ்சில் இருக்கும் காற்றுக் குமிழை வெளியே தள்ளாமல், போட்ட இடத்தைத் தேய்க்காமல்.

இன்சுலினோடு வீட்டுக்கு அனுப்பினால் சிரிஞ்ச் விஷயத்தில் ஜாக்கிரதை. நம் நாட்டில் குப்பி இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதாகவும் வருகிறது, 100 யூனிட் உள்ளதாகவும் வருகிறது. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் இரண்டரை மடங்கு அதிகமாகவோ குறைவாகவோ போய்விடும்.

சர்ஜன் கோபிப்பாரா? "இந்த ஆன்டிபயாடிக் தேவையா" என்று குறுக்குக் கேள்வி மாதிரி கேட்டால் யாருக்கும் முகம் சுருங்கும். "டாக்டர், அப்பா சாப்பிடுகிற மருந்துப் பட்டியலை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், பார்மசிஸ்ட் ஒரு தரம் பார்த்துவிட்டால் நிம்மதி" என்று சொல்லிப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, "ஆன்டிபயாடிக் எத்தனை நாள் சார்?" என்று மட்டும் கேளுங்கள், அந்தக் கேள்விக்கே பாதி வேலை நடந்துவிடும். விலை பற்றித் தயங்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள், இன்சூரன்ஸ் இவ்வளவுதான், கையிலிருந்து இவ்வளவுதான் முடியும் என்று. ஒரே மருந்தில் விலை குறைந்த பிராண்ட் ஆஸ்பத்திரி ஸ்டாக்கிலேயே இருக்கும், கேட்டவருக்கு மாற்றித் தருவோம், கேட்காதவருக்கு வழக்கமாகப் போவது போகும். மூட்டின் விலையையும் கேளுங்கள், முழங்கால் இம்பிளாண்ட்டுக்கு 2017 ஆகஸ்டிலிருந்து அரசு உச்ச விலை வைத்திருக்கிறது, அதன் ஸ்டிக்கர் உங்கள் ஃபைலில் ஒட்டியிருக்க வேண்டும்.

மொழிச் சிக்கலும் இருக்கும். வார்டில் நர்ஸ் மலையாளி, கவுண்டரில் கன்னடம், டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில், அப்பாவுக்குத் தமிழ் மட்டும். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டிவிடுவார், ஆம்பூர்க்காரர் ஒருவர் வேறு ஊரில் வந்து கேள்வி கேட்கத் தயங்குவது சகஜம். பெங்களூரில் தமிழ் தெரிந்த ஒருவர் எந்த ஆஸ்பத்திரியிலும் இருப்பார், மருந்து விளக்கும்போது தமிழில் சொல்பவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அப்பாவையே திருப்பிச் சொல்ல வையுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. சிறிய நர்சிங் ஹோம்களில் இப்படி ஒரு பார்மசிஸ்ட் வார்டுக்கு வருவதே இல்லை, கவுண்டரோடு சரி. அங்கே போகிறீர்கள் என்றால் அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள், அட்டை இல்லாததைப் போட்டோ எடுங்கள், எதை என்றைக்கு நிறுத்த வேண்டும், என்றைக்குத் தொடங்க வேண்டும் என்று அனஸ்தீசியா டாக்டரிடமே தேதி போட்டு வாங்குங்கள். அவர்தான் இதில் உங்களுக்கு நெருங்கிய துணை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) எழுதித் தரச் சொல்லுங்கள். பெங்களூரில் எழுதும் பிராண்ட் ஆம்பூரில் கிடைக்காது, கடைக்காரர் "அதேதான்" என்று வேறொன்றைக் கொடுப்பார், சில சமயம் அதேதான், சில சமயம் அதில் இன்னொரு மருந்து கூடுதலாகச் சேர்ந்திருக்கும். மூலப்பெயர் கையில் இருந்தால், மாதாமாதம் வேண்டிய பிரஷர், கொழுப்பு, சர்க்கரை மருந்துகளை மத்திய அரசுத் திட்டத்தில் நடக்கும் மக்கள் மருந்தகத்தில் கேட்டு வாங்கலாம், நாடு முழுக்க 15,000க்கும் மேல் இருக்கின்றன, பிராண்ட் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். மாமா சொன்ன பாதி விலை உண்மையில் பலன் தருவது இங்கேதான், வருடக்கணக்கில் சாப்பிடும் மருந்துகளில். இரண்டு கடையிலும் வாங்கி ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வார்டில் பயன்படுத்தாமல் மிஞ்சிய ஊசிகள், சலைன், சிரிஞ்ச். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் உங்கள் பெயரில் பில் போட்டது கிடக்கும். பிரிக்காதவற்றை ஃபைனல் பில் போடுவதற்கு முன்பு திருப்பிக் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள், பில் மூடிய பிறகு கேட்டால் பெரும்பாலும் நடக்காது, ஃப்ரிட்ஜில் வைக்கும் மருந்தைத் திரும்ப வாங்கவே மாட்டார்கள். டிஸ்சார்ஜ் ஞாயிற்றுக்கிழமை என்றால் ரிட்டர்ன் எடுக்கும் ஆள் இருப்பாரா என்று சனிக்கிழமையே நர்ஸிடம் கேட்டு வையுங்கள்.